தமிழரசி மேடமும் பூசாத கல்லும்

காலையில் பட்டறையில் சிமென்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மேடம் போயிட்டாங்க சார்" என்றார் கல்லூரி லேப் உதவியாளர். மாரடைப்பாம். முந்தின நாள்தான் மேடத்தைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "குப்பத்துல என்ன முடிவு பண்ணாங்க, தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

தாவரவியல் பேராசிரியை தமிழரசியை அறிந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கடல்பாசி அழிந்து, மீன்குஞ்சு தங்க இடமில்லாமல் போயிருந்தது. எரிமலைக் கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. பாசி அதைப் பற்றிக்கொண்டு வளரும். அதைச் சிமென்டில் சேர்த்து வார்த்துக் கடலில் இறக்க வேண்டும் என்று, ஹாலோ பிளாக் போடும் என்னிடம் வந்தார். ஊர்ப் பஞ்சாயத்தும் சம்மதித்தது. பொங்கல் வரை கல் இறக்கும் இடத்தில் யாரும் வலை போட மாட்டார்கள். அதற்குள் பாசி பிடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட வேண்டும்.

கல் ஏற்றும் நாள். மேடம் ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. கொத்தனார் ஏழுமலை எல்லாவற்றுக்கும் சிமென்ட் பால் பூசி வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். "சொறி புடிச்ச மாதிரி அனுப்பினா நம்ம பட்டறை பேரு என்னாவறது?" என்றார். ஒரு ஓட்டைகூட மிச்சமில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேடம் தடுத்தார்: "அவர விடுங்க. ஓட்டை எதுக்குன்னு நான் அவருக்குச் சொல்லவே இல்லையே."

"போட்டுடலாம் மேடம், தண்ணிக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?" என்றார் லாரி டிரைவர்.

"பாசி பாக்கும்ப்பா."

குப்பத்தில் படகுகள் காத்திருந்தன. வெறுங்கையோடு போய் நின்றோம். "கல்லு கெட்டுப்போச்சுங்க. வேற வார்க்கணும்" என்றார் மேடம். "எங்க வயித்துல வெளையாடிக்கினு கீறீங்களா?" என்று ஒருவர் எழுந்தார். கூட்டம் நெருங்கியது. மேடம் அசையவில்லை. "கெட்டத நானே வந்து சொல்லலன்னா, நாளைக்கு நல்லது சொன்னா எப்படிங்க நம்புவீங்க?" பஞ்சாயத்துத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பிறகு, "கொண்டாங்க. கெடு பொங்கல்தான், மாறாது" என்றார்.

புதுக் கல் மழைக்கு முன் இறங்கியது. பிறகு பொங்கல் வரை தண்ணீர் கலங்கியே கிடந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. தெளிந்ததும் முங்கிப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள் குப்பத்தார். அந்தப் பதிலுக்குத்தான் மேடம் சோறு தண்ணி பிடிக்காமல் அலைந்தார்.

சாவு வீட்டுக்கு மாலையில் தலைவர் வந்தார். ஐஸ் பெட்டி அருகே போய், பஞ்சாயத்தில் பேசுவதைப் போலவே உரக்கச் சொன்னார்: "டீச்சர், பாசி புடிச்சிக்கிச்சு. கல்லு அங்கயே இருக்கட்டும்னு ஊரு சொல்லிடுச்சு."

கெட்ட செய்தியை முதல் ஆளாகப் போய்ச் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. நல்ல செய்தி ஒரு நாள் பிந்திவிட்டதே என்ற கோபமும் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடம் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.