அரை டிகிரி அண்ணி

அந்த டயர் கடையில் அவளை எல்லோரும் அரை டிகிரி அண்ணி என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன். ஒருமுறை பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு வீல் அலைன்மென்ட் முடிந்து, கம்ப்யூட்டர் திரையில் எண்களெல்லாம் பச்சையாகிவிட்டன. அப்போதும் அவள் விடவில்லை. இடது சக்கரத்தின் சாய்வுக்கும் வலது சக்கரத்தின் சாய்வுக்கும் அரை டிகிரி வித்தியாசம் இருக்கிறது, வேன் ஒரு பக்கமாக இழுக்கும் என்று மறுபடி மேடைமேல் ஏற்ற வைத்தாள். "கம்ப்யூட்டருக்கே போதுமாம், எங்க அண்ணிக்குப் போதாதாம்" என்று அவன் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

டயர் கடைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. சில கண்ணாடிகளில் பவர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். நாலைந்து டிகிரி திரும்பிவிட்டால் போட்டவருக்குத் தலை வலிக்கும், மாடிப்படி சாய்ந்து தெரியும். அப்படிப் புகார் சொல்லி வருகிறவர்களிடம் மற்றவர்கள், "புதுக் கண்ணாடி இல்லையா, பழகிடும்" என்பார்கள். இவள் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கழற்றி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பத்தில் எட்டுப் பேர் சொன்னது உண்மையாக இருக்கும்.

கண்ணாடிக் கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது அந்த வேலை போயிற்று. அதே சமயத்தில்தான் கணவரின் டயர் கடைக்கு அலைன்மென்ட் இயந்திரம் வந்து இறங்கியது. கணவர் தொண்ணூற்றேழு கிலோ, பரம சாது. வாசலில் வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பதே அவருக்குப் பாதி வேலை. தலைமை மெக்கானிக்கான தம்பிக்கோ சுத்தியலும் ஸ்பானரும் இருந்தால்தான் கை ஓடும். திரையில் எண்களைப் பார்த்தால் கொட்டாவி வந்துவிடும். "நீ பாக்குறியாம்மா?" என்று கணவர் கேட்டார். பார்த்தாள். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த டயர் கடைக்கு ஒரு பல் டாக்டரம்மா வருவார். ஐந்தடிகூட இல்லாத உயரம், வயது முப்பத்தைந்து இருக்கும். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிற அவருக்கு ஒரே ஒரு ஆசை, கார் ஓட்டுவது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் போய் ஓட்டுவார்.

அந்தத் தடத்தில் நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் வளைந்துகொண்டே போகிற ஒரு திருப்பம் உண்டு. ஓட்டுகிறவர்கள் அதைக் கொக்கி என்பார்கள். டாக்டரின் கார் அந்தக் கொக்கியில் இரண்டு முறை வால் வீசி, முழுச் சுற்றுச் சுற்றிப் புல்வெளியில் போய் நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் அவர் தடத்துக்குள் நுழையும்போதே யாரோ, "பம்பரம் டாக்டர் வந்தாச்சு" என்றார்கள். காதில் விழுந்தது. விழாத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அன்றைக்கும் கார் சுற்றியது.

மறுநாள் காலை வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். இத்தனைக்கும் திருப்பத்தில் நன்றாக நிற்க வேண்டும் என்று நாலு மாதத்துக்கு முன்னால்தான் கொழுந்தன் அந்தக் காருக்குப் புது வேலையெல்லாம் செய்திருந்தான். குட்டை ஸ்பிரிங் போட்டு நான்கு விரல்கடை கீழே இறக்கி, கட்டியான ஷாக் அப்சார்பர் மாட்டி, வண்டி சாயாமல் இருக்கப் பின்னால் தடித்த ஸ்டெபிலைசர் கம்பியும் வைத்திருந்தான். பாய்வதற்குப் பதுங்குகிற சிறுத்தை மாதிரி இருக்கிறது என்று அவனே நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

"வண்டில ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றான் இப்போது. "திருப்பத்துக்கு நடுவுல பயந்து ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்குறீங்க. அதான் சுத்துது. ஓட்ட ஓட்டப் பழகிடும்."

உள்ளே அலைன்மென்ட் மேடைக்கு அருகில் நின்றிருந்தவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"காலை எடுக்குறது உண்மையா டாக்டர்?"

"உண்மைதான் அக்கா. அந்த இடத்துல பின்பக்கம் திடீர்னு வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அப்புறம்தான் பயத்துல காலை எடுக்குறேன். முதல்ல வழுக்குது, அப்புறம் எடுக்குறேன். யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

அவள் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது பின் டயரில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுவழுவென்று போனது. வெளியேயிருந்து உள்ளே இழுத்தால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தது. ஓடும்போது அந்தச் சக்கரம், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடக்கிற ஆள் மாதிரி, வெளியே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

"மேடைல ஏத்துங்க," என்றாள்.

ஏற்றினார்கள். திரையில் எல்லாம் பச்சை. கொழுந்தன் திரையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான்.

"நிக்கும்போது பச்சை தம்பி. திரும்பும்போது வண்டியோட பாரம் மொத்தமும் ஒரு பக்கம் போய் அழுத்துமே, அப்ப என்ன காட்டும்?" என்றவள் வாசல் பக்கம் திரும்பி, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. இந்த டிக்கி மேல உக்காருங்க" என்றாள்.

"நானா? இதுமேலயா?" என்று கணவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். கணவர் கண்ணாடிப் பாத்திரத்தின்மேல் உட்காருகிறவர் போல மெதுவாக இடதுபக்க ஓரத்தில் உட்கார்ந்தார். கார் முனகிக்கொண்டு இறங்கியது. திரையில் இடது பின்சக்கரத்தின் எண் பச்சையிலிருந்து நகர்ந்து, தயங்கி, சிவப்பில் போய் நின்றது.

"எழுந்திருங்க." பச்சை.

"உக்காருங்க." சிவப்பு.

மூன்று முறை எழுப்பி உட்கார வைத்தாள். பிறகு ஒரு நீளக் கம்பியைப் பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினாள். அந்த இரண்டையும் ஆடாமல் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் புஷ் வெடித்துப் போயிருந்தது. இரும்புக் கை சுண்டுவிரல் அகலத்துக்கு ஆடியது.

"பாரம் ஏறுனா சக்கரம் வெளிய திரும்பிக்குது. இறக்குனது அதிகமாப் போனதால கையெல்லாம் தப்பான கோணத்துல நிக்குது. புஷ்ஷும் செத்துப்போச்சு. போதாததுக்குப் பின்னாடி அந்தத் தடிக் கம்பி வேற. டாக்டர் சொன்னது சரிதான். முதல்ல வண்டி வழுக்குது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு மாதத்தில் அவர் சொன்னது சரி என்று ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை.

கொழுந்தன் முகம் இறுகிவிட்டது. "அப்ப நான் செஞ்ச வேலையெல்லாம் வீண், அதானே அண்ணி?"

"வேலையில குறை சொல்லலப்பா. நீ இறுக்கின ஒரு நட்டுகூட அசையல. இறக்கின அளவைத்தான் சொல்றேன்."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அன்று மதியம் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவனுக்கு வேண்டியதையெல்லாம் அண்ணன் மூலமாகக் கேட்டுக்கொண்டான். "தண்ணி வேணுமாம்" என்று ஒரு கை தூரத்தில் இருந்தவளிடம் கணவர் தூது சொன்னார். சிரிப்பு வந்தாலும் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் கடைக்கு வந்தபோது மஞ்சள் கார் ஏற்கெனவே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கொழுந்தன் அடியில் நின்றுகொண்டிருந்தான். கையில் முட்டு ரப்பர். ஸ்பிரிங் முழுக்க அமுங்கிப்போனால் இரும்பும் இரும்பும் மோதாமல் தடுக்கிற துண்டு அது. நசுங்கிப் பளபளவென்று இருந்தது.

"பாருங்க அண்ணி. ஒவ்வொரு திருப்பத்துலயும் இதுமேல போய் முட்டியிருக்கு. ஸ்பிரிங் வேலையே செய்யல. பாவம், அந்தம்மா எப்படித்தான் மூணு மாசம் ஓட்டினாங்களோ." சற்று நிறுத்தி, "நான்தான் அழகுக்கு ஆசைப்பட்டு இறக்கிட்டேன். என்ன போடணும், சொல்லுங்க" என்றான்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையைக் கணவர் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உயரத்தைத் திருகித் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வந்தன. வண்டி இரண்டு விரல்கடை மேலே ஏறியது. பின் தடிக் கம்பி கழன்று பழைய கம்பி திரும்பியது. முன்னால் மட்டும் சற்றுத் தடித்தது போட்டார்கள். கெட்டி ரப்பர் புஷ்களைக் கொழுந்தன் ஒரு மயிரிழை சாயாமல் அழுத்தி ஏற்றினான். அவள் உட்கார்ந்து முயன்றிருந்தால் வாரமெல்லாம் ஆகியிருக்கும்.

பிறகு நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு எடை மேடைகள். எந்தச் சக்கரத்தின்மேல் எவ்வளவு பாரம் என்று பார்க்க வேண்டும். "டாக்டரை வரச் சொல்லுங்க," என்றாள். "ஓட்டுற ஆள் உள்ள இருக்கணும்."

"நான் உக்காருறேனே," என்றார் கணவர்.

"நீங்க உக்காந்தா அது உங்களுக்கான கார் ஆயிடும்."

டாக்டர் ஹெல்மெட், ஷூவோடு வந்து இரண்டு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எடை மேடை எண்ணை மட்டும் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடுவில் தூங்கியும்விட்டார். அவள் எதிரெதிர் மூலைகளின் பாரம் சமமாகும் வரை ஸ்பிரிங்குகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருகச் சொல்லி, கடைசியில் பின்சக்கரங்கள் இரண்டையும் துளி உள்பக்கம் பார்க்க வைத்தாள். பாரம் ஏறினாலும் இனி அவை வெளியே திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடையைப் பூட்டிவிட்டுத் தடத்துக்குப் போனார்கள். முதல் நாலு சுற்று முடிந்து டாக்டர் உள்ளே வந்தார். முகத்தில் சந்தோஷமும் குழப்பமும் கலந்திருந்தன.

"சுத்தவே இல்ல அக்கா! ஆனா இப்ப மூக்கு திரும்ப மாட்டேங்குது. கொக்கில ஸ்டீயரிங்கைத் திருப்பினா நேராப் போறேன்னு அடம்பிடிக்குது."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் முன் டயர்களில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெளி ஓரம் கொதித்தது. உள் ஓரம் வெதுவெதுப்புதான். திருப்பத்தில் டயர் முழுதாகத் தரையில் படாமல் ஓரத்திலேயே நடக்கிறது.

"முன்சக்கரம் ரெண்டோட தலையையும் இன்னும் கொஞ்சம் உள்ள சாய்க்கணும்."

"எவ்வளவு?" என்று கேட்ட கொழுந்தனே, "சொல்லாதீங்க, தெரியும்" என்று ஜாக்கியை எடுக்க ஓடினான்.

சாய்த்ததில் சக்கரங்கள் நேர் தவறியதை நூல் கட்டி, அளவுகோல் வைத்துச் சரிசெய்தார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. டாக்டர் மறுபடி கிளம்பினார். மூவரும் கொக்கிக்கு எதிரே இருந்த வேலி ஓரம் போய் நின்றார்கள். மஞ்சள் கார் நேர்பாதையில் சீறிக்கொண்டு வந்தது. பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. வண்டி உள்ளே திரும்பியது; இடதுபக்கம் லேசாக அமுங்கியது; அப்படியே நின்றது. வால் அசையவில்லை, மூக்கு விலகவில்லை. வளைவின் நடுவிலேயே இன்ஜின் சத்தம் ஏறியது. டாக்டர் காலை எடுக்கவில்லை, அழுத்துகிறார்!

"போ தாயி, போ!" என்று கணவர் வேலியைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் வேகம். கைக்கடிகாரத்தோடு நின்ற கொழுந்தன் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "போன தடவையைவிட அஞ்சு செகண்ட் கம்மி அண்ணி!" என்று கத்தினான். அன்று மாலை அறிவிப்புப் பலகையில் அந்த வகைக் கார்கள் பதினான்கில் டாக்டர் முதலிடம். பம்பரம் என்று பெயர் வைத்தவர் பக்கத்தில் வந்து, "என்ன டாக்டர், புது இன்ஜினா?" என்று கேட்டார்.

"இல்ல. இவங்க," என்று டாக்டர் அண்ணியின் தோளில் கைபோட்டுக் காட்டினார். எட்டி எம்பித்தான் போட வேண்டியிருந்தது.

அந்த மனிதர் தயங்கித் தயங்கி, தன் காரும் இடதுபக்கம் இழுக்கிறது என்றும் எல்லோரும் அது அப்படித்தான் என்கிறார்கள் என்றும் சொன்னார். "புதன்கிழமை கொண்டாங்க, பாத்துடலாம்" என்றான் கொழுந்தன். "எங்க அண்ணி பாப்பாங்க." இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

தடத்தை மூடுவதற்கு முன் கடைசிச் சுற்றுக்கு டாக்டர் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க அக்கா."

"அய்யோ, நான் ஏறினா அளவெல்லாம் மாறிடும்."

"ஒரு சுத்துக்கு மாறட்டும்."

ஆறு வருஷமாக ஆயிரக்கணக்கான சக்கரங்களை நேராக்கி அனுப்பியவள், அவை வேகமாக ஓடும்போது உள்ளே இருந்ததே இல்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். நேர்பாதையில் முதுகு சீட்டோடு ஒட்டியது. கொக்கி வந்தது. உடம்பு முழுக்க இடதுபக்கம் சரிய, காருக்குக் கீழே நான்கு டயர்களும் தரையைக் கவ்விக்கொண்டு நிற்பதைத் தன் இடுப்பில் உணர்ந்தாள். அவள் கண்ணை மூடவில்லை. வேலி ஓரம் நின்ற அண்ணனுக்கும் தம்பிக்கும் இன்ஜின் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு கேட்டது.

"இன்னொரு சுத்து, டாக்டர்!" என்று கத்தினாள். "காலை எடுக்காதீங்க!"