ஏரம்பு ஏழு வருசம் மறைத்தது

புலோலியிலிருந்து வந்து இரணைமடு வாய்க்காலின் கீழ் வயல் செய்த ஏரம்பு, நோய் என்று படுத்த ஆளில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு, கலியாணம் முடித்து இரண்டாம் வருசம், சலம் போகும்போது சிறுநீர்ப் பாதையில் எரிவு கண்டது. வெயில் சூடு என்று இளநீர் குடித்தான். நாலாம் நாள் வலது விதை வீங்கிச் சிவந்து, நடக்கவே முடியாமல் நொந்தது.

மனைவி பத்மாசனியிடம், "நெல்லு மூட்டை தூக்கினதிலை இடுப்புப் பிடிச்சிட்டுது" என்றான். காய்ச்சலில் உடம்பு கொதித்தபோதும் அதையே சொன்னான். நொந்த இடத்தைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. இலையை வாட்டி ஒளித்துக் கட்டிக்கொண்டான். இரண்டு கிழமையில் மற்றப் பக்கமும் வீங்கியது. எழும்ப முடியாமல் கிடந்தவனைப் பத்மாசனிதான் மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவளை விறாந்தையில் இருத்திவிட்டு, மறைப்புக்குள் வைத்து டொக்டர் பார்த்தார்.

"எத்தினை நாளாய் இப்பிடி?"

"மூண்டு கிழமை, ஐயா. பாரம் தூக்கினனான்."

"இது பாரம் தூக்கி வந்ததில்லை. சலப்பாதையிலை இருந்த கிருமி, விதைக்குப் பின்னாலை இருக்கிற குழாய்க்குள்ளை இறங்கியிருக்கு. எரிவு கண்ட உடனை வந்திருந்தால் லேசாய் மாத்தியிருக்கலாம்."

பத்து நாள் பெனிசிலின் ஊசி போட்டார்கள். துணியைச் சுருட்டிக் கீழே அண்டை கொடுத்து, அசையாமல் படுக்க வைத்தார்கள். வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு விடும் நாளில் டொக்டர் தனியே கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கக் குழாயும் தழும்பாகி அடைபட்டிருக்கலாம். அப்பிடியெண்டால் பிள்ளை கிடைக்கிறது கஷ்டம். மனிசிக்குச் சொல்லும். ஒரு வருசம் போக வாரும், சோதிச்சுப் பாப்பம்."

"ஓம் ஐயா" என்று வந்தவன் அவளுக்குச் சொல்லவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

பத்மாசனி பிள்ளை வேண்டி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தாள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். நல்ல காரியங்களில் பெண்கள் அவளை முன்னுக்கு விடாதபோது பின்னால் போய் நின்றாள். எல்லாவற்றையும் ஏரம்பு பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுபத்துமூன்றில் அவனுடைய தமக்கை அன்னபாக்கியம் புலோலியிலிருந்து வந்தாள். "இவளிலை பிழை இருக்கு, தம்பி. இன்னும் எத்தினை வருசம் பாக்கிறது? நான் ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன்."

அடுப்பு வேலையை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற பத்மாசனி தலை குனிந்தபடி, "மச்சாள் சொல்லுறபடி செய்யுங்கோ. நான் ஒரு மூலையிலை கிடப்பன்" என்றாள்.

ஏரம்புவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அவவிலை பிழையில்லை அக்கா. எனக்கு அண்டைக்கு வந்த வருத்தத்தாலை, அந்த வீக்கத்தாலை வந்தது" என்று தொடங்கி, டொக்டர் சொன்னது வரை ஒன்றும் விடாமல் சொன்னான். தமக்கை அடுத்த பஸ்சுக்கே போய்விட்டாள்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று பத்மாசனி கேட்டாள்.

"வெக்கம்."

"நான் என்ரை வயித்தையெல்லோ ஏழு வருசமாய்த் திட்டினனான்."

அடுத்த கிழமை இருவரும் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். சோதித்த டொக்டர் கையை விரித்தார். திரும்பும்போது பத்மாசனி பஸ் யன்னலோரம் இருந்து, சனம் பார்க்கிறதே என்று கூட நினையாமல், ஆனையிறவு தாண்டும்வரை அழுதாள். ஏரம்பு பக்கத்தில் இருந்தான். அவளுடைய கையைத் தொடவும் அவனுக்குத் துணிவு வரவில்லை.