இரண்டாவது சாவி

போன மாதம் ஒரு காலை, வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுக்கக் கதவுக்கு வெளியே ஓர் எட்டு வைத்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. எங்கள் ஆவடி ஃபிளாட்டின் கதவு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ஜாதி. லுங்கி, பனியன், கையில் பால். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னொரு சாவி யாராண்ட சார் கீது?” என்று கேட்டார்.

அதுவும் உள்ளேதான் இருந்தது. முதல் சாவிக்குப் பக்கத்தில், ஒரே ஆணியில். மனைவி மகளின் பிரசவத்துக்காகப் புனே போயிருக்கிறாள். என் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்ள இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

பூட்டுக்காரர் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பால் பாக்கெட் வியர்த்தது. பால் வாசனை என்றால் எனக்கு அம்மாதான், அம்மா என்றால் சாவி. கொரட்டூரில் எங்களுக்கு நாலு எருமைகள். அம்மா சாயங்காலம் வீடு வீடாகப் பால் ஊற்றப் போவாள். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு இருந்த ஒரே சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். அந்தச் சாவியை முகர்ந்தாலே பால் கவிச்சி அடிக்கும், போங்கள்.

இன்னும் இரண்டு சாவி செய்துவிடலாம் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. “ஆளுக்கொரு சாவி குட்த்துட்டா, யாரு எப்ப வர்றா, எப்ப போறான்னு யாருக்குத் தெரியும்?” என்பாள்.

அதனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் நானும், தையல் கிளாஸ் முடிந்து வரும் அக்காவும் பூட்டிய கதவுக்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். ஏரிக்காற்று சேற்று வாசனையோடு வரும். அக்கா கடலை உருண்டை வாங்கி வந்திருப்பாள். பசி வயிற்றைக் கிள்ளும், அம்மாவைத் திட்டித் தீர்ப்போம், பிறகு வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிப்போம். கதவு திறந்திருந்தால் அக்கா அடுப்படிக்கும் நான் டிவிக்கும் போயிருப்போம். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

திருவள்ளூர் மாப்பிள்ளைக்கு நாள் குறிக்க இருந்த வாரம், அந்தப் படியில்தான் அவள் சொன்னாள். “எனக்கு அந்த ஆளு வேணான்டா. நைனாவாண்ட நீ சொல்றியா?” எனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. பயந்து பயந்துதான் சொன்னேன். மறுநாள் அப்பாவே போய் அந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

பிறகு அக்காவை மாங்காட்டில் கொடுத்தோம். அவள் போன கையோடு அப்பா ஆளுக்கொரு சாவி செய்துகொண்டு வந்தார். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அந்த வாசற்படியில் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. இப்போது அம்மா, அப்பா, எருமைகள், வீடு எதுவுமே இல்லை. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மிஞ்சியது வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம்தான். ரோஜாப்பூ அனுப்புவாள், நான் கும்பிடு போடுவேன்.

பூட்டுக்காரர் திறந்துவிட்டுப் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டாவது சாவியோடு கிளம்பிவிட்டேன். பூந்தமல்லியில் பஸ் மாறி மாங்காடு போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. சாவியை நீட்டியதும் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இன்னாடா இது? ஊடு பூட்டிக்கினா இம்மாந்தூரம் வந்து வாங்கினு போவியா?”

“அதுக்குத்தான் குடுக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு சாவி தொங்கியது. கனடாவில் இருக்கும் அவள் மகனின் போரூர் ஃபிளாட் சாவி. அதில் லேசாகத் துரு ஏறியிருந்தது.

இப்போதெல்லாம் பால் எடுக்கப் போகும்போது சாவி என் கையிலேயே இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மறக்கிறேன், மாத்திரையை மறக்கிறேன், அடுப்பில் வைத்த பாலையே மறந்து பொங்க விடுகிறேன். பாழாய்ப்போன சாவியை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறேன். அந்த இரண்டாவது சாவியை வாங்க மாங்காட்டுக்கு இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை.