நான் திட்டிய பாதிரியார்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருமணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிது. நத்தத்தில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு ஒரே கூச்சலில் வளர்ந்தவள் நான். இங்கே வீட்டில் நானும் நாலு சுவரும்தான். கணவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்கு லாரி ஓட்டுபவர். போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அக்கம்பக்கத்தில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு மைதானம். முன்பு தோல் பதனிடும் ஷாப்காரர்கள் தோல் காயப்போட்ட பொட்டல் வெளியாம். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முள்ளை வெட்டி, மேடு பள்ளம் நிரவி அதை மைதானமாக்கியிருந்தார். காலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றுவார்கள். மற்ற நேரத்தில் ஆடு மேயும். சாயங்காலம் எல்லோரும் போனபின் பாதிரியார் மட்டும் வருவார். அகப்பை மாதிரி அடி அகன்ற மட்டையால் ஒரு சின்னத் தோல் பந்தை எங்கள் சுவரில் அடித்துக்கொண்டே இருப்பார். அவர் நாட்டு விளையாட்டாம். கூட ஆட இங்கே ஆளில்லை. டொக், டொக் என்று இருட்டும்வரை கேட்கும்.

ஒருநாள் எனக்குச் சரியான தலைவலி. கணவர் போய் ஒரு வாரமாகியும் தகவல் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? துவைகல் மேல் ஏறி நின்று கத்திவிட்டேன்.

“ஏன் சாமி, மண்டையப் பொளக்குது! செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா?”

சத்தம் நின்றது. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அந்த ஊரில் எனக்குத் துணையாக இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். பொழுது விடிந்தால் நத்தம் பஸ் பிடித்துவிடுவது, இனி திரும்புவதே இல்லை என்று டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினேன்.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். காலி மைதானத்தின் நடுவில், மட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை.

“சாமி, கோவத்துல சொல்லிட்டேன். நீங்க அடிங்க” என்றேன்.

எழுந்து வந்தார். புத்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“எங்கள் ஊர் மைதானத்தில் தவறாக அடித்தால், சுற்றி நிற்கிற சனங்கள் எல்லாரும் திட்டுவார்கள் அம்மா. என் தாயாரும் திட்டுவார். இங்கே இத்தனை வருடமாக எல்லாரும் கும்பிடுகிறார்கள். நீங்கள்தான் முதலில் திட்டினீர்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் அடிக்க முடியவில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையில் போய் முடிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அதுக்கென்ன சாமி, தினமும் திட்டிட்டாப் போச்சு!” என்றேன்.

நான் பஸ் ஏறவில்லை. அதன்பின் பந்துச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பேன். “சோறு திங்கலையா சாமி? இம்புட்டு மெதுவாவா அடிக்கிறது?” அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும். லாரியிலிருந்து இறங்கி வந்த கணவர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வருடம் பாதிரியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

இன்று எனக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளும் மருமகள்களும் என் முன்னால் குரலைத் தாழ்த்தி, கேட்டதற்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்போதெல்லாம், ஊரே கும்பிட்ட அந்த மனிதர் ஏன் அத்தனை தனியாக இருந்தார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.