ராட்டினம் இருக்கலாம், ராசாத்தி அக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாமான் குடியிருப்பாளர் கூட்டத்தில் இரண்டு தடவை கை தூக்கினேன். இரண்டு தடவையும் மனசார. வீட்டுக்கு வந்து யோசித்தால்... ஒன்றுமே புரியவில்லை.

விஷயம் இதுதான். கிள்ளானில் எங்கள் குடியிருப்புத் தாமானின் பாடாங் திடலுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு ஃபன்ஃபேர் வரும். ராட்டினம், பலூன் சுடும் கடை, எல்லாம் உண்டு. நடத்துவது ராசாத்தி அக்கா குடும்பம். ஊர் ஊராகப் போகிறவர்கள். ராட்டினத்துக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கொண்டெய்னர்தான் வீடு. உள்ளே ஃப்ரிட்ஜ், சாமி படம், வாஷிங் மெஷின்கூட இருக்கிறது.

ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் கிடைக்கும் வரை, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு காலி நிலத்தில் தங்குவார்கள். இப்போது அங்கே ஃபேக்டரி வந்துவிட்டது. போக இடமில்லை. தைப்பூசம் வரைக்கும் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று அக்கா கேட்டார். அதற்குத்தான் கூட்டம்.

ராட்டினம் இருக்கலாமா? எல்லாக் கையும் மேலே. பிள்ளைகள் போனைக் கீழே வைப்பதே அங்கேதானே.

கொண்டெய்னர் வீடுகளை எடுக்கச் சொல்லலாமா? துணி காயப் போடுகிறார்கள், சாம்பார் வாசம் வருகிறது... அதற்கும் எல்லாக் கையும் மேலே. என் வீட்டிலும் சாம்பார் வாசம் வரும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கவுன்சில் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பொறுமையான மனிதர்.

"பாடாங் பொழுதுபோக்குக்குத்தான்க்கா. ராட்டினம் ஓகே. குடும்பம் தங்கினா அது குடியிருப்பு. அதுக்கு இங்க இடமில்ல."

"வேற எங்க இருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"சுங்கை பூலோ பக்கம் ஃப்ளாட் கேட்டுப் பாருங்க."

"லோரிய எத்தனாவது மாடியில வைக்கிறது தம்பி?"

அது வேறு டிபார்ட்மென்ட்டாம்.

அக்கா விடவில்லை. ராத்திரி ஆள் இல்லாவிட்டால் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அதிகாரி முகம் மலர்ந்தது. ஜாகா, அதாவது காவலாள், இருக்கலாம், ரூல் இடம் கொடுக்கிறது.

"அப்ப நான்தான் ஜாகா," என்றார் அக்கா.

"சரி."

"என் வீட்டுக்காரர்?"

"அவரும்... வெச்சுக்கலாம்."

"மாமியார்?"

அதிகாரி எங்கள் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஃபேனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"ஜாகான்னா ஜாகா மாதிரி இருக்கணும்லா. சமைக்கக் கூடாது, துணி காயப் போடக் கூடாது. முக்கியமா, தூங்கக் கூடாது."

அக்கா கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப தூங்காம இருந்தா இங்க குடியிருக்கலாமா அங்கிள்?"

டீ வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தோம்.

கொண்டெய்னர்கள் இப்போது செராஸில் ஒரு சொந்தக்காரர் கடைக்குப் பின்னால் நிற்கின்றன. ஆட்கள் ஜாகாவாக இங்கே. விதிப்படி எல்லாம் சரி என்கிறார்கள். எது சரி என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்று காலை நடக்கப் போனேன். ராட்டினத்துக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் மாமியார். கழுத்தில் விசில். தலை மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பதறி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தூங்கல தம்பி, சும்மா கண்ண மூடுனேன்."

நீங்கள் தூங்குங்கம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இரண்டாவது தடவையும் கை தூக்கியவன் ஆயிற்றே நான்!