பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

இன்று எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை.

அங்குள்ள ஒரே நல்ல கம்ப்யூட்டரில், இமயமலையின் ஒரு குளிர்காலப் பனிப்பொழிவைக் கணக்கிடும் என் மாடல் ஒன்பது நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் இடம் இல்லாததால் இடையில் எதையும் சேமிக்கவில்லை. நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். திங்கட்கிழமை முடிவைக் காட்டாவிட்டால் கம்ப்யூட்டரை வேறு மாணவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று என் ஆய்வு வழிகாட்டி சார் சொல்லியிருந்தார்.

அட்டெண்டர் அண்ணன் சந்தனக் கிண்ணத்துடன் வந்து கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார்.

"அண்ணே, அது..." என்றேன்.

"இம்புட்டு நாளா ஓடுதேம்மா! பஸ்ஸையே நிறுத்தித்தான் மாலை போடுறாக. இதுவும் ஒரு நா சும்மா கெடக்கட்டும்."

மாடலுக்குள் டிசம்பர் வரை பெய்திருந்த பனி மொத்தமும் போய்விட்டது. அழுகைகூட வரவில்லை.

சார் வந்தார். பொட்டு வைத்த கம்ப்யூட்டர் முன் கண்ணை மூடிக் கும்பிட்டார். என் கையில் பொரியைக் கொடுத்து, "திங்கட்கிழமை மறந்துறாதம்மா" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் பொரியைத் தின்றேன்.

மாடல் நின்றுபோனதில், அணைத்த கம்ப்யூட்டரைக் கும்பிட்டவருக்கும் பங்கு உண்டு என்று சாரிடம் சொல்லலாமா? தைரியம் உள்ளவர்கள் பதில் எழுதுங்கள்.