எத்தன பேரு போறீங்க?

"எத்தன பேரு போறீங்க?"

காரின் பின் சக்கரத்தருகே ஒரு முழங்காலை ஊன்றி, வால்வு மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்கிறார், காற்றுப் பிடிக்கிறவர். காற்றுக் குழாய் கையில் தயாராக இருக்கிறது. ஆனால் பதில் வராமல் அது வால்வில் ஏறாது. அவசரமாக வந்தவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். "ஏன், பந்தி வைக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். இவர் அசரவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொல்லி, உள்விளிம்பில் யாரும் படிக்காமல் கிடக்கும் சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். மூன்று பேர் வரை போனால் காற்றழுத்தம் முப்பத்திரண்டு. ஐந்து பேரும் சாமானுமாகப் போனால் பின் சக்கரங்களுக்கு முப்பத்தாறு. நாலு பேருக்கு முப்பத்துநாலு என்பது இவருடைய சொந்தக் கணக்கு. "ஆளுக்கு ரெண்டுங்க. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

பெட்ரோல் பங்கில் இவருக்கு 'சென்சஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெட்ரோல் போடும் பெண்களிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் சென்சஸ்தான். பதினேழு வருடமாக, ஒரு வீட்டுப் படியும் ஏறாமல் ஊரையே எண்ணிக்கொண்டிருக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒருமுறை ஒரு மனிதர் "மூணு பேரு" என்று சொல்ல, உள்ளேயிருந்து அவர் மனைவி, "அப்ப பின்னாடி தூங்குற எங்கம்மா யாரு?" என்று கேட்டார். பங்கே சிரித்தது. சென்சஸ் சிரிக்காமல் இரண்டு கூட்டி வைத்தார்.

ஐம்பத்திரண்டு வயது. முழங்காலில் துணி தேயாமலிருக்கப் பழைய டியூபை வெட்டிக் கட்டியிருப்பார். காற்று வைத்து முடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பார். குமிழி கிளம்பினால் கசிவு. முகம் சுளிக்கும் கார்க்காரர்களிடம், "வால்வு ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதுங்க" என்பார். வெகுதூரம் ஓடி வந்த வண்டிக்கு உடனே கை வைக்கமாட்டார். நிழலில் நிறுத்தி ஆறவிடுவார். "சூட்டுல அளந்தா டயரும் பொய் சொல்லும்."

சிலருடைய பதில் போகப்போகச் சுருங்கும். எப்போதும் ஐந்து என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் ஒரு வருடம் நாலு என்றார். அதற்கடுத்த வருடம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "நான் மட்டும்தான்" என்றார். சென்சஸ் காரணம் கேட்பதில்லை. முப்பத்திரண்டு வைத்து, முன்கண்ணாடியையும் ஒரு தடவை துடைத்து அனுப்பினார். ஏன் கேட்கவில்லை என்று பிறகு யாரோ விசாரித்தபோது, "கேட்டா மட்டும் திரும்ப வந்துருவாங்களா?" என்றார்.

பெற்றவர்கள் போன பிறகு தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது இவர்தான். முதலில் அவளுக்கு ஆகட்டும் என்று தள்ளிவைத்த இவருடைய கல்யாணம், தள்ளித்தள்ளி ஊர் எல்லையைத் தாண்டியே போய்விட்டது. தங்கை, மாப்பிள்ளை, இரண்டு பெண் பிள்ளைகள், இவர் என்று ஒரே வீடு. முன்னறையில் செருப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இவருக்குப் படுக்கை. சின்னவளுக்குக் காலையில் ஷூ லேஸ் மாமாதான் கட்ட வேண்டும். அம்மா கட்டினால் அவிழ்ந்துவிடுமாம்.

சென்ற மாதம் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகளும் கயிறுமாக ஆயிற்று. இவரும் தன் நாலு சட்டைகளை மடித்து ஒரு பையில் அடுக்கி, மற்றப் பைகளோடு வைத்தார். தங்கை அந்தப் பையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு துணி மடிக்கத் தொடங்கினாள். வேலைக் களைப்பு என்று இவர் நினைத்துக்கொண்டார். மேனேஜரிடம் போய் வேலையை விடப்போவதாகச் சொன்னார். புது ஊரில் எந்தப் பங்கிலாவது காட்டச் சொல்லி அவர் நல்லபடியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இவர் இடத்துக்கு ஆளும் பார்த்தாகிவிட்டது.

கிளம்புகிற அன்று காலை, சாமான் ஏற்றிய காரை மாப்பிள்ளை காற்றுப் பிடிக்கக் கொண்டுவந்தார். ஒன்பது மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போய் எல்லாரோடும் கிளம்புவதாகச் சென்சஸ் திட்டம் வைத்திருந்தார். பதினேழு வருடத்தில் அன்றுதான் அவர் ஆள் கணக்குக் கேட்கவில்லை. சொந்த வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்பார்களா? பின் சக்கரங்களில் நேராக முப்பத்தாறு வைத்தார்.

மாப்பிள்ளை எட்டி மீட்டரைப் பார்த்தார். "முப்பத்தாறா? நாலு பேருதானே மச்சான் போறோம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு எதிரே இருந்த முகம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. அவருக்கு நாக்கு குழறியது. "அங்க ஒரே ரூம்தான் மச்சான். அவ சொல்லலையா? நானே அண்ணன்கிட்ட சொல்லிக்கறேன்னு சொன்னாளே."

சென்சஸ் குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சொன்னா, சொன்னா. பாவம், அன்னைக்கே சொல்லிட்டா. எனக்குத்தான் மறந்துபோச்சு."

அவள் சொல்லவேயில்லை. ஒரு மாதமாகச் சொல்ல வாயெடுத்து முடியாமல் போனவளை, ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது. அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான்.

"இருக்கட்டும் மச்சான், ரெண்டு கூட இருந்தா என்ன இப்ப?" என்றார் மாப்பிள்ளை, அங்கிருந்து சீக்கிரம் போய்விட வேண்டும் என்கிற தவிப்பில்.

"கூடாது மாப்ள. ஆள் இல்லாம காத்து மட்டும் இருந்தா, பிரேக் போடும்போது வண்டி வழுக்கும். பிள்ளைங்க வருதுல்ல."

மறுபடி மண்டியிட்டு, மூடியைக் கழற்றி, வால்வின் நடுவில் இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று கொஞ்ச நேரம் சீறியது. அளந்து பார்த்தார். முப்பத்துநாலு. எழுந்து காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அந்தச் சக்கரத்திலும் இரண்டைக் குறைக்க உட்கார்ந்தார்.